புதுப்பிப்பு: கட்டம் நிரம்பிவிட்டது

2023 பிப்ரவரி 4, சனிக்கிழமை, பாடகி வாணி ஜெயராம் மறைந்த செய்தி வந்த அன்று, எங்கள் இணையச் சொற்கட்டக் (குறுக்கெழுத்து) குழு போட்டியை நிறுத்திவிட்டு அவருக்காக ஒரு கட்டம் அமைக்கப் போவதாக எழுதியிருந்தேன். எங்கே சிக்கியது என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

முதலில் ஒரு திருத்தம். அவர் பிறந்த ஊர் சென்னை என்று எழுதிவிட்டேன், வேலூர். இயற்பெயர் கலைவாணி. அந்தப் பெயரைத்தான் முதல் வரிசையில் வைத்தோம். 'தீர்க்க சுமங்கலி' படத்தில் அவர் பாடிய 'மல்லிகை என் மன்னன் மயங்கும்' பாட்டை மறக்க முடியாததால் கீழே 'மல்லிகை'. இரண்டும் நான்கெழுத்து. ஆனால் பொது எழுத்து ஒன்றுகூட இல்லை! சேலத்தில் உட்கார்ந்துகொண்டு நள்ளிரவு வரை மண்டையைக் குடைந்தேன்.

விடை ஏற்காட்டிலிருந்து வந்தது. காப்பித் தோட்டத்து அக்கா ஒருவர், மூடுபனியில் சிக்னல் போய்ப் போய் வருகிற இடம், ஒரே சொல் அனுப்பினார்: வானொலி. கலைவாணியின் 'வா'வில் இறங்கி மல்லிகையின் 'லி'யில் போய் உட்கார்ந்தது. இரண்டுமே மூன்றாம் எழுத்து. அளவெடுத்துத் தைத்த மாதிரி.

"அவரை நான் பார்த்ததே அதில்தானே தம்பி" என்று பிறகு எழுதினார். 'பார்த்தது' என்றுதான் எழுதியிருந்தார். யாரும் திருத்தவில்லை.

மூன்று தேசிய விருதுகள், 2023 ஜனவரியில் அறிவித்த பத்மபூஷண் எல்லாவற்றையும் குறிப்புகளாக்கலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். இன்று காலை கட்டத்தை அப்படியே, குறிப்பே இல்லாமல் போட்டோம்.