புதுப்பிப்பு: லெவோடோபாவும் மதியச் சாப்பாடும்

பார்கின்சன் நோய்க்கான லெவோடோபா மாத்திரையை (மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் மருந்து) சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் கழித்தோ போடுங்கள் என்று இந்த இழையில் எழுதியிருந்தேன். பெங்களூருத் தமிழ்க் குடும்பங்கள் அதன்பின் கேட்டவற்றுக்குப் பதில் இது.

பருப்பு, தயிரை நிறுத்தணுமா? வேண்டவே வேண்டாம். உடல் மெலிவது இந்த நோயில் பெரிய ஆபத்து. புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்கள் சிலவும் லெவோடோபாவும் குடலிலும், ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகும் இடத்திலும் தங்களை உள்ளே ஏற்றிச் செல்லும் ஒரே கடத்திக்குப் போட்டியிடுகின்றன. சாம்பார், தயிர் சாதத்தோடு விழுங்கிய மாத்திரை சிலருக்குச் சரியாக வேலை செய்யாதது இதனால்தான். அவர்கள் மருத்துவரிடம் பேசி, புரதத்தின் பெரும்பங்கை இரவுக்கு மாற்றிப் பார்க்கலாம். இரும்புச்சத்து மாத்திரைக்கு 2 மணி நேர இடைவெளி விடுங்கள்.

110 என்ற மாத்திரையும் 125 என்ற மாத்திரையும் ஒன்றா? இரண்டிலும் லெவோடோபா 100 மி.கி.தான், லெவோடோபா மூளைக்கு வெளியே டோபமைனாக மாறாமல் தடுக்கும் கார்பிடோபா முதலாவதில் 10, அடுத்ததில் 25. நாளுக்குச் சுமார் 70 முதல் 100 மி.கி. கார்பிடோபா சேராவிட்டால் குமட்டல் வரலாம். மூன்று 110 போட்டால் 30தான் சேரும். கடையில் மாற்றித் தந்தால் வாங்காதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு கூடவே கூடாது. அது மூளைக்குள் போய் டோபமைன் ஒட்டி வேலை செய்யும் ஏற்பிகளையே அடைத்துவிடும்.

நிமான்ஸ் மருத்துவமனைக்குப் போகும் நாளில் மதிய மாத்திரை கைப்பையில் இருக்கட்டும். மாத்திரையைத் திடீரென நிறுத்தியபின் கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, குழப்பம் வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.