வாடகை ஃப்ளாட்டுக்குக் குடிபோகிறோம்: வாசல் பூட்டை முழுசா மாத்தணுமா?

கேள்வி: முன்பு இருந்தவர்களிடம் எத்தனை சாவி இருக்கிறதோ தெரியாது. கதவுக்குள் பதித்த மார்டைஸ் பூட்டு. கதவை வெட்டாமல் மாற்ற முடியுமா?

பதில் 1: முடியும். சிலிண்டரை (சாவி நுழையும் பாகம்) மட்டும் மாத்துங்க, போதும். கதவைத் திறந்து வைங்க. விளிம்பில், சாவித்துளைக்கு நேராக ஒரு நீள ஸ்க்ரூ இருக்கும், கழட்டுங்க. சாவியைப் போட்டு லேசாகத் திருப்பினால், நடுவில் துருத்தும் பல் உள்ளே அடங்கும் இடத்தில் சிலிண்டர் வழுக்கி வரும். வரலையா, பல் இன்னும் நேராகலை. சுத்தியலைத் தொடாதீங்க! புதுசு போட்டதும் கதவு திறந்திருக்கும்போதே நாலு தடவை பூட்டிப் பாருங்க.

பதில் 2: கடைக்குப் போகும்முன் பழைய சிலிண்டரை, ஸ்க்ரூ துளையின் மையத்திலிருந்து இரு பக்கமும் தனித்தனியா அளந்துக்கோங்க. மொத்தம் 70 மி.மீ. என்பது 35+35 ஆகவும் இருக்கும், 30+40 ஆகவும் இருக்கும். சிலிண்டர் வெளியே கைப்பிடித் தகட்டைத் தாண்டி 3 மி.மீ.க்கு மேல் நீட்டவே கூடாது. ஸ்க்ரூ போகும் நடுப்பகுதி மெலிசு, நீட்டியிருந்தால் திருடர்கள் பிளையரால் பிடித்து ஒடித்துவிடுவார்கள்.

பதில் 3: கதவு நிலையில் பூட்டின் நாக்கு நுழையும் தகட்டையும் பாருங்க. அரை இஞ்ச் ஸ்க்ரூ என்றால் ஓங்கி உதைத்தால் பிய்ந்துவிடும். 2 இஞ்ச் போடுங்க. ஓனரிடம் முன்னாடியே சொல்லிடுங்க. பழைய சிலிண்டர் பத்திரம், காலி செய்யும்போது திரும்பப் போடணும்.