டெல்லி கணேஷ்: எந்தக் காட்சியில் எதைப் பார்க்கணும்? (புனைபெயர்களில் சிலர் எழுதின அனுபவப் பகிர்வு)

சபா முன்வரிசை:
நாயகன் (1987) ஐயர், மைக்கேல் மதன காமராஜன் (1990) பாலக்காட்டு மணி ஐயர், அவ்வை சண்முகி (1996) சேதுராமய்யர். மூணு பேரும் ஐயர், மூணு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே முகம். மேக்கப் மாத்தினது ரொம்பக் கம்மி. ஆனா ஒருத்தர் வசனத்தை இன்னொருத்தர் வாயில வெச்சா ஒட்டாது. "பன்முக நடிகர்"னா போலீஸ், பிச்சைக்காரன், பணக்காரன்னு வேஷம் மாத்தினவர்னு சொல்றாங்க. அது காஸ்ட்யூமர் வேலை. ஒரே மாதிரி மூணு ஆளை மூணு ஆளாக் காட்டறதுதான் நடிகன் வேலை. நடிச்சுப் பழகறவங்க இந்த மூணையும் ஒரே வாரத்துல வரிசையாப் பார்க்கணும்.

நாயகன் ஐயர்: கதாநாயகன் வேலுவுக்கு இந்தி வராது, இவர்தான் நடுவுல நின்னு மொழிபெயர்க்கணும். மொழிபெயர்ப்பாளர் வேஷத்துல பலர் பண்ற தப்பு, முதல்ல பேசினவரோட கோபத்தையும் சேர்த்துத் தானே நடிச்சுடறது. அப்போ ஒரே காட்சியை ரெண்டு தடவை பார்த்த மாதிரி ஆயிடும். இவர் செய்தியை மட்டும் தருவார். கோபம் பேசினவர்கிட்டயே இருக்கும், இவர் முகத்துல "இதை எப்படிச் சொல்றது"ங்கிற கணக்கு மட்டும் ஓடும். அதே ஐயரைப் போலீஸ் பிடிச்சு அடிக்கிற இடத்தையும் பாருங்க. அதுவரைக்கும் அடங்கியே பேசின ஆள்ங்கிறதாலதான் அந்த அடி நமக்கு உறைக்குது.

சேதுராமய்யர் நேர் எதிர். முதலாளி முன்னாடி ஒரு குரல், அவர் நகர்ந்ததும் வேற குரல். பணிவுக் குரலை மூக்குக்குப் பக்கத்துல, மெல்லிசா வெச்சிருப்பார். திருட்டுக் குரல் தொண்டைக்கு இறங்கும்.

மணி ஐயரைப் பத்திப் பாலக்காட்டுக்காரங்க யாராவது எழுதுங்க.

வல்லநாட்டு வழி:
புதுசா வர்றவங்களுக்குச் சுருக்கமா. பிறப்பு 1944 ஆகஸ்ட் 1, வல்லநாடு. 1964ல இருந்து 1974 வரை இந்திய விமானப்படை. டெல்லியில தட்சிண பாரத நாடக சபாவில் நடிச்சார், அப்புறம் சென்னை வந்து காத்தாடி ராமமூர்த்தி குழுவுல நாடகம். 1977ல கே. பாலசந்தரின் 'பட்டினப் பிரவேசம்' முதல் படம். பேருக்கு முன்னாடி "டெல்லி" சேர்த்தவரும் பாலசந்தர்தான். 400 படத்துக்கு மேல நடிச்சார். 1981ல 'எங்கம்மா மகாராணி'யில் கதாநாயகன். அந்தப் பாதை நீளலை, நீளாததுதான் நல்லதுன்னு நான் சொல்வேன். 1994ல கலைமாமணி. மறைவு 2024 நவம்பர் 9.

முன்வரிசை சார், ஐயர் வேஷங்கள் சரி. ஆனா அதோட நின்னா அவரைப் பாதிதான் பார்த்திருக்கோம். துரை இயக்கிய 'பசி' (1979) பாருங்க. குப்பை பொறுக்கற பொண்ணு ஷோபா, அவங்க அப்பா ரிக்‌ஷாக்காரர் இவர். ஷோபாவுக்குத் தேசிய விருது, இவருக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு. திருநெல்வேலிச் சீமைக்காரர் சென்னைத் தமிழ் பேசறது சாதாரண விஷயம் இல்ல. எங்க ஊர்ல வாக்கியக் கடைசியை இழுப்போம். சென்னையில கடைசியை நறுக்கிட்டு நடுவுல அழுத்துவாங்க. "வந்துகினு", "இன்னா"ன்னு சொல்லு மட்டும் மாத்தினாப் போதாது, இழுவை அப்படியே இருந்தா ஊர் தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு, அந்தக் காலத்துப் படங்கள்ல சென்னைத் தமிழ்னாலே சிரிப்புக்குத்தான். நடிகரே சிரிப்பை எதிர்பார்த்து ஒவ்வொரு சொல்லையும் தூக்கிக் காட்டுவார். 'பசி'யில யாரும் அப்படித் தூக்கிக் காட்டலை. அதனாலதான் அந்த வீடு வீடாத் தெரியுது.

லூப் ரூம்:
குரல்னு பேச்சு வந்ததால டப்பிங் பக்கம் எழுதறேன். கே. பாலசந்தரின் '47 நாட்கள்' (1981) தமிழ்ல சிரஞ்சீவிக்குக் குரல் கொடுத்தது டெல்லி கணேஷ். அப்போ இவருக்கு 36 வயசு, திரையில இருக்கறவருக்கு இருபதுகளின் நடு. மனைவியை ஏமாத்தற கணவன் பாத்திரம், கொஞ்சறதும் மிரட்டறதும் அடுத்தடுத்து வரும். குரல் கிழடாத் தெரிஞ்சா படமே போச்சு.

அந்தக் காலத்து முறை தெரிஞ்சாத்தான் இதோட கஷ்டம் புரியும். படச்சுருளை வசனம் வசனமா வெட்டி, முனையை ஒட்டி வளையமாக்குவாங்க. அதுதான் லூப். அது திரையில சுத்திச் சுத்தி வரும். படப்பிடிப்புல பதிவான கரடுமுரடான பைலட் ட்ராக்கைக் கேட்டுக்கணும். முதல் சுற்றுல கேட்கணும், ரெண்டாவதுல வாயசைவுக்கு முணுமுணுக்கணும், அப்புறம்தான் டேக். ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். ரெண்டு மூணு ஃப்ரேம் பிசகினா பழகின கண்ணுக்குத் தெரியும். குரல் உதட்டுக்கு முந்தினா உடனே உறுத்தும், லேசாப் பிந்தினா ஓரளவு தப்பிச்சிடலாம். அதனால சந்தேகம் வந்தா ஒரு ஃப்ரேம் பின்னாடியே வைங்க.

உதடு முழுசா மூடறது ப, ம ரெண்டுக்கும்தான். வ-வுக்குக் கீழுதடு பல்லைத் தொடும். வாக்கியத்துல இந்த இடங்களை முதல்ல பென்சிலால வட்டம் போட்டுக்கணும். அவை சரியா விழுந்தா மத்த எழுத்துகள் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் யாரும் கவனிக்க மாட்டாங்க. வட்டம் போட்ட இடத்துல உதடு திறந்திருந்தா, சொல்லையே மாத்தணும். "போ"வுக்குப் பதில் "கிளம்பு"ன்னு போடப் பார்த்தா அதுலயும் கடைசியில ஒரு ம்பு நிக்கும்! அங்கே "நட"தான் உதவும். மொழி மாறி நடிக்கிறவங்களுக்கு டப் பண்ணும்போது இந்தத் தலைவலி ரெட்டிப்பு, அவங்க மூச்சு விடற இடம் தமிழ் வாக்கியம் உடையற இடமா இருக்காது.

இளம் குரலுக்குப் பலர் சுருதியைத் தூக்குவாங்க, அது மிமிக்ரி மாதிரி ஆயிடும். சுருதியை அப்படியே விட்டுட்டு, சொல்லுக்கு முன்னாடி வர்ற மூச்சுச் சத்தத்தைக் குறைக்கணும். வயசு தெரியறது பெரும்பாலும் அந்த மூச்சுலதான். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண், ஒன்றரைச் சாண். கத்தற வசனத்துக்கு ரெண்டடி பின்னாடி போய் முகத்தைக் கொஞ்சம் திருப்பணும், இல்லேன்னா ப-வுல காத்து அடிச்சு "டொப்"புனு பதிவாகும்.

இன்னிக்கு லூப் இல்ல, கம்ப்யூட்டர்ல வசனத்தைத் தள்ளி வெச்சுக்கலாம். அதனாலயே சோம்பல் வந்துடுச்சு. நேரம் சரியா இருக்கும், மூச்சு இருக்காது.

பாலக்காட்டு அம்பி:
மணி ஐயருக்கு வரேன். பாலக்காட்டுத் தமிழ்னா மலையாளி தமிழ் பேசற மாதிரின்னு நினைச்சு எல்லாத்தையும் மூக்கால பேசி, வரிக்கு வரி "ட்டோ" சேர்த்துடறா. அது வேற, இது வேற. இது தமிழ்தான், சொல் சிலது மலையாளம், ராகம் பாதி மலையாளம். ஞாபகத்துக்கு "ஓர்மை", அழுத்திச் சொல்ல "ஆக்கும்", பேச்சுக்கு நடுவுல "கேட்டேளா". இந்தக் "கேட்டேளா"வைக் கேள்வியா மேலே தூக்கினா தப்பு. தட்டி இறக்கணும், எதிராளி பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

அந்தப் படத்துல கிரேஸி மோகன் எழுதின வசனம் வேகமா ஓடும், சொல்லுக்குச் சொல் திரும்பும். வேகத்துல வட்டார ராகத்தை முதல்ல தொலைச்சுடுவா நடிகர்கள். டெல்லி கணேஷ் அவசரத்துலயும் ராகத்தை விடலை, பதற்றம் கூடக் கூட ராகம் இன்னும் அதிகமாச்சு. நிஜத்துலயும் அப்படித்தான், பதறினா மனுஷாளுக்குச் சொந்த ஊர் பேச்சு வெளியில வந்துடும்.

சாம்பார்ல மீன் விழுந்த கல்யாணக் காட்சி. கத்த முடியாது, மானம் போயிடும். சும்மா இருக்கவும் முடியாது, பந்தி உட்கார்ந்தாச்சு. சிரிப்பு முழுக்க அந்த நெருக்கடியிலதான். குரலை அடக்கிண்டே பேசணும், ஆனா கடைசி வரிசைக்கும் கேட்கணும். கிசுகிசுப்புல உயிரெழுத்து தேய்ஞ்சுடும், அதனால மெய்யெழுத்தைப் பல்லுல கடிச்சு வெளியில விடணும். இது நாடகமேடைப் பழக்கம்.

சபா முன்வரிசை:
அம்பி சொன்ன மேடைப் பழக்கத்துக்கு ஒரு சேர்க்கை. சபா நாடகத்துல சிரிப்பு எழும்பினா அது பாதி இறங்கற வரைக்கும் காத்திருந்து அடுத்த வசனத்தைப் போடணும். முழுசா இறங்கினா காட்சி விழுந்துடும், முந்தினா வசனம் சிரிப்புல முங்கிடும். செட்டுல சிரிக்க ஆள் கிடையாது. மேடையிலிருந்து வந்தவங்க சில பேர் சினிமாவிலும் சிரிப்புக்கு இடம் விடுவாங்க, தியேட்டர்ல அது ஓட்டையாத் தெரியும். டெல்லி கணேஷ் அந்த இடத்தைக் காலியா விடாம ஒரு சின்ன வேலையால நிரப்புவார். துண்டைச் சரி பண்ணுவார், யாரையாவது திரும்பிப் பார்ப்பார். சிரிச்சா அது மறைஞ்சுடும், சிரிக்கலேன்னா அதுவே நடிப்பு.

இன்னொரு மேடை லாபம், வசனத்தை மனப்பாடம் பண்ற பழக்கம். நம்ம செட்டுகள்ல உதவி இயக்குநர் கேமரா பக்கத்துல நின்னு வசனத்தை எடுத்துக் கொடுப்பார். கேட்டுத்தான் பேசணும்னா ஒவ்வொரு வரிக்கு முன்னாடியும் அரை நொடி கண் வெறிச்சிடும். டப்பிங்ல குரலைச் சரி பண்ணலாம், அந்தக் கண்ணைப் பண்ண முடியாது.

வலந்தலை:
'சிந்து பைரவி' (1985) பத்தி யாரும் விரிவா எழுதலையே. அதுல மிருதங்க வித்வான் குருமூர்த்தி இவர். குடிச்சிட்டுக் கச்சேரிக்கு வந்தவரைப் பாடகர் ஜே.கே.பி. வெளியே அனுப்பிட்டு மிருதங்கம் இல்லாமலே பாடுவார். பின்னாடி அதே ஜே.கே.பி. குடியில விழுவார்.

குடிகாரர் வேஷத்துல முதல் தப்பு தள்ளாடறது. நிஜமாக் குடிச்சவர், அதுவும் வாத்தியக்காரர், தள்ளாடாம இருக்கத்தான் பாடுபடுவார். தேவைக்கு மேல நேரா உட்காருவார், சொல்லை ஒவ்வொண்ணா எண்ணி வைப்பார். அந்தப் பிரயாசையைக் காட்டினாப் போதும்.

வாசிக்கறது போல நடிக்கிறவங்களுக்கு: சம்மணமிட்டு, வலது பாதத்தைக் கொஞ்சம் முன்னால வெச்சு அது மேல வாத்தியத்தைச் சாய்ச்சுக்கணும். வலது கைப்பக்கம் கரணை (நடுவுல இருக்கற கருப்பு வட்டம்) உள்ள வலந்தலை, இடது பக்கம் ரவைப் பசை ஒட்டின தொப்பி. வெளியில தெரியற பிழை இடது கையிலதான் வரும். ட்ராக்குல "கும்"முனு வழுக்கற நாதம் கேட்கும், திரையில கை தொப்பியை விட்டு மேல இருக்கும். அந்த நாதம் மணிக்கட்டால தோலை அழுத்தித் தள்ளறதால வருது, கை ஒட்டியே இருக்கணும். பாட்டு முழுக்கக் கத்துக்க நேரமில்லேன்னா தீர்மானத்தை, அதாவது முடிக்கிற சொற்கட்டை மட்டும் பாடம் பண்ணுங்க. மூணு தடவை வந்து சமத்துல (தாளத்தோட முதல் அடி) விழும், அங்கே கை சரியா நின்னா மீதியை ரசிகர் மன்னிச்சிடுவார். கையைச் சின்னதா வைங்க. உயரத் தூக்கி அடிக்கறது தவில்.

குறும்படக் குழு:
ஒரு கேள்வி. அவர் மாதிரி "கேட்கும்" காட்சிகளை எப்படிப் படமாக்கறது? எங்க நடிகர்கள் பேசும்போது நல்லா இருக்காங்க, கேட்கும்போது பொம்மை மாதிரி நிக்கிறாங்க.

லூப் ரூம்:
எதிர் வசனத்தை யார் படிக்கிறாங்க? உதவி இயக்குநர் கணக்குப் பாடம் மாதிரிப் படிச்சா எதிர்வினை அப்படித்தான் வரும். எதிர் நடிகரையே லென்ஸுக்குப் பக்கத்துல, கண் மட்டத்துல உட்கார வெச்சு முழு உணர்ச்சியோட பேசச் சொல்லுங்க. கேட்கறவருக்குப் பாத்திரத்துக்கான வேலை ஒண்ணு கொடுங்க: வெத்தலை மடிக்கறது, கணக்கு எழுதறது. எந்தச் சொல்லுல அந்த வேலை நிக்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கணும். ரெண்டு இடத்துல நிறுத்தினா ரெண்டும் கெட்டுடும். எதிர் வசனம் முடிஞ்சதும் உடனே கட் சொல்லாதீங்க, மூணு நாலு நொடி ஓடட்டும். எடிட்டருக்கு வேண்டிய முகம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

வல்லநாட்டு வழி:
'தெனாலி' (2000) படத்துல இவர் நடிச்ச டாக்டர் பஞ்சபூதத்தை விட்டுட்டீங்களே! இன்னொரு டாக்டர் (ஜெயராம்) மேல பொறாமை, அதை மரியாதையா மறைக்கணும். ஜெயராம் பேசும்போதெல்லாம் இவர் முகத்தைப் பாருங்க, குறும்படக் குழுவுக்கு அதுவே பாடம். டிவியில பார்க்காதீங்க, விளம்பர நேரத்துக்காக முதல்ல வெட்டறது இந்த மாதிரி மௌனங்களைத்தான்.