ஹஸ்கிஸனில் கேரவன் போட்டு நான்கு இரவு: ஒரு நாள் முழுக்கக் காரை எடுக்காமல் இருக்கலாமா?

பாரமட்டாவாசி:
வணக்கம். ஜனவரி பள்ளி விடுமுறையில் சிட்னிக்குத் தெற்கே ஜெர்விஸ் பே பக்கம், ஹஸ்கிஸனில் கடலை ஒட்டிய கேரவன் பார்க்கில் இடம் கிடைத்திருக்கிறது. கேரவன் (காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்து நானே இழுத்துக்கொண்டு போகிறேன், முதல் தடவை. மனைவி, 6 வயதிலும் 9 வயதிலும் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. நண்பர்களைக் கேட்டால் ஹயம்ஸ் பீச், டால்பின் படகு, பூடரி தேசியப் பூங்கா, கியாமா என்று ஆளுக்கொரு இடம் சொல்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, வண்டியில் ஏறி இறங்கியே அலுத்துவிடுவார். ஒரு நாளாவது எங்கும் போகாமல் அங்கேயே இருக்க ஆசை. காலை முதல் ராத்திரி வரை நீங்கள் என்ன செய்வீர்கள், என்ன சமைப்பீர்கள்?

உப்புக்காற்று:
தாராளமாக இருக்கலாம். நாங்கள் பத்து வருடமாக அந்தப் பக்கம் போகிறோம், பிள்ளைகள் இன்றைக்கும் பேசுவது அந்த மாதிரி சும்மா இருந்த நாட்களைப் பற்றித்தான்.

காலையில் ஆறு மணிக்கே வானவில் கிளிகள் கூட்டமாகக் கத்தி எழுப்பிவிடும், அதனால் சீக்கிரம் எழுந்து பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போய்விடுங்கள். வளைகுடாவுக்குள் இருப்பதால் அலை பெரும்பாலும் சின்னதுதான். பத்து மணிக்கு மேல் வெயில் தோலை உரித்துவிடும், அப்போது ஆனிங் (கேரவன் பக்கத்தில் விரிக்கும் துணிக்கூரை) நிழலுக்குத் திரும்பிவிட வேண்டும். மதியம் எல்லோரும் ஒரு தூக்கம். கேரவனில் இரண்டு பக்கச் சன்னலையும் திறந்து வைத்தால் காற்று நேராக உள்ளே வரும், அந்தத் தூக்கம் வீட்டில் கிடைக்காது. சாயங்காலம் கரம்பீன் ஓடை. அது கடலில் சேரும் இடத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். கடல் ஏறும் நேரமாகப் பார்த்துப் போனால் நீரோட்டம் உள்நோக்கிப் போகும், பிள்ளைகள் மிதவைப் பலகையில் படுத்து மெல்ல மிதந்து போவார்கள், நீங்கள் கூடவே நடக்கலாம். வடியும் நேரத்தில் வேண்டாம், வெளியே இழுக்கும். படகுகளும் வரும், கரையோரமாகவே இருக்கட்டும்.

திமிங்கிலம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அது மே முதல் நவம்பர் வரைதான். டால்பின் வருடம் முழுக்க உண்டு.

வன்னிக்கிளி:
தம்பி, அம்மாவுக்கு முதுகு சாயக்கூடிய நல்ல கதிரை ஒன்று கொண்டு போங்கோ, மடக்குக் கட்டில் மாதிரித் தாழ்ந்தது வேண்டாம், முழங்கால் வருத்தக்காரருக்கு அதிலிருந்து எழும்பேலாது. வாசல் படிக்கு முன்னால் ஒரு வாளியில் தண்ணீர் வையுங்கோ, ஒவ்வொருவரும் கால் கழுவிவிட்டு ஏறட்டும், இல்லாவிட்டால் ராத்திரி படுக்கை எல்லாம் மணல்தான்.

சமையல் எல்லாம் வெளியே. உள்ளே மீன் பொரித்தால் மணம் நாலு நாளைக்கும் போகாது. மாவை எஸ்கியில், அதுதான் குளிர்ப்பெட்டியில், ஐஸ் போட்டுக் கொண்டு போனால் இரண்டு நாள் தோசைக்குக் காணும். மற்றது, எதைச் செய்தாலும் கொஞ்சம் கூடச் செய்யுங்கோ. ஐந்து மணிக்குப் பக்கத்துக் கேரவன்காரர் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து இருந்து கதைப்பினம். எங்களுக்கு ஒருவர் தான் பிடித்த ஃபிளாட்ஹெட் மீன் இரண்டைத் தந்தார், நான் மிளகாய்த்தூளும் தேசிக்காயும் பூசிப் பொரித்துத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த நாள் தூளின் பெயரை எழுதித் தரச் சொல்லிப் பேப்பரோடு வந்து நின்றார்! (நீங்களே தூண்டில் போடுவதென்றால் நியூ சவுத் வேல்ஸ் மீன்பிடி லைசென்ஸ் எடுக்க வேணும்.)

தெற்குக்காற்று:
ஆனிங் பற்றி ஒன்று சொல்லியே ஆகணும். கொதிக்கிற நாளில் சட்டென்று காற்று திரும்பித் தெற்கிலிருந்து அடிக்கும், சில நிமிடத்தில் பத்து டிகிரி கூட இறங்கிவிடும். எங்கள் ஆனிங் அப்படித்தான் கம்பியோடு முறுக்கிக்கொண்டு கூரைமேல் போனது, நாங்கள் அப்போது கடலில் இருந்தோம். அந்த இடத்தைவிட்டு நகரும்போதும் தூங்கும்போதும் சுருட்டி வையுங்கள். அப்புறம், கேரவன் பிளக் 15 ஆம்ப், அதன் எர்த் பின் அகலமானது, வீட்டு வயரில் ஏறாது. வாடகைக்குத் தருகிறவரிடம் 15 ஆம்ப் வயரும் குடிநீர்க் குழாயும் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வடகிழக்குக் காற்று அடித்தால் கரையில் நீல நிறப் பை மாதிரி புளூபாட்டில் என்ற கொட்டும் கடலுயிரி ஒதுங்கும். கொட்டிவிட்டால் கடல்தண்ணீரில் அலசி, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர் 20 நிமிடம். வினிகர் போடாதீர்கள், அது வடக்கே இருக்கும் வேறு ஜெல்லிமீனுக்கு.

பாரமட்டாவாசி:
போய் வந்துவிட்டோம், எல்லோருக்கும் நன்றி. மூன்றாம் நாள் காரைத் தொடவே இல்லை. காலையில் தோசை, மதியம் புளிசாதமும் அப்பளமும், அப்பளத்தை அம்மாவே வெளியே அடுப்பு முன்னால் நின்று பொரித்தார். வாளி யோசனைக்கு அக்காவுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

சாயங்காலம் ஓடைக்குப் போனபோது அம்மா வரமாட்டேன் என்றுதான் சொன்னார். பிறகு புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு என் தோளைப் பிடித்தபடி முழங்கால் வரை இறங்கினார். காலைச் சுற்றிப் பொடி மீன்கள் வந்ததும் அசையாமல் அப்படியே நின்றுவிட்டார். தாமிரபரணியில் இப்படி மீன் வந்து காலைக் கடிக்கும் என்று சின்னவளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார், வெளிச்சம் மங்கிய பிறகுதான் ஏறினோம்.

தெற்குக்காற்று அண்ணா, நீங்கள் சொன்னது அன்று ராத்திரியே வந்தது. ஆனிங் உள்ளே சுருட்டியிருந்தது.