வாசலுக்கு வெளியே இருக்கும் இடம் யாருடையது?

மூலைவீடு: எங்கள் தெருவில் கார் நிறுத்தக் கட்டணமும் அனுமதிச் சீட்டும் வரப்போகின்றனவாம். இருபது ஆண்டுகளாக வீட்டு வரி கட்டுகிறேன். என் வாசலில் என் காரை நிறுத்த நான் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

நடந்துபோகிறவள்: வாசற்படியோடு உங்கள் சொத்து முடிந்துவிடுகிறது ஐயா. அதற்கு அப்பால் தெரு. வரியை நானும்தான் கட்டுகிறேன், என்னிடம் கார் இல்லை. ஒரு கார் நிற்கச் சுமார் 12 சதுர மீட்டர் வேண்டும். அதே அளவு இடத்தில் நான் கட்டிலும் பீரோவும் கொண்டுவந்து போட்டால் சும்மா இருப்பீர்களா?

மூலைவீடு: கட்டில் பேச்செல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இரவில் இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்றுகிறவன் நான். கட்டணம் வைத்தால் புதிதாக இடம் முளைத்துவிடுமா?

கணக்குப்பிள்ளை: முளைக்காது, காலியாகும். கார் நிறுத்தக் கட்டணத்தை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு ஷூப் சொன்னது இதுதான்: நூறு இடங்களில் 85 நிரம்பி, மீதி எப்போதும் காலியாக இருக்கும்படி கட்டணத்தை வைக்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோ 2011-இல் இதைச் சோதித்துப் பார்த்தது. நெரிசலான தெருக்களில் கட்டணத்தை ஏற்றினார்கள், ஈ ஓட்டிய தெருக்களில் இறக்கினார்கள். சராசரிக் கட்டணம் சற்றுக் குறையவே செய்தது. இந்தப் பாதியை மட்டும் யாரும் சொல்வதில்லை!

இரவுப்பணி: அது கடைத்தெருக் கணக்கு. அங்கே வண்டிகள் வரும், போகும். குடியிருப்பில் இரவு வந்தால் எல்லா வண்டியும் வீடு திரும்பிவிடும், விடியும்வரை ஒன்றும் நகராது. வசதி உள்ளவர் மூன்று காருக்கும் கட்டிவிட்டுத் தூங்கப் போவார். நான் செவிலியர். பணி முடியும் நேரத்தில் பஸ் கிடையாது. என்னைத்தானே தெருவை விட்டுத் துரத்துவீர்கள்?

கணக்குப்பிள்ளை: ஒப்புக்கொள்கிறேன், இரவுக்கு மணிக் கட்டணம் உதவாது. வீட்டுக்கு ஒரு சீட்டைக் குறைந்த கட்டணத்தில் கொடுத்து, இரண்டாவது காருக்குப் பல மடங்கு வாங்கலாம். ஜப்பானில் 1962-இலிருந்தே சட்டம் இருக்கிறது. டோக்கியோவில் கார் வாங்குகிறவர், வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் அதை நிறுத்த இடம் இருப்பதாகச் சான்று காட்ட வேண்டும். இடம் இல்லையென்றால் பதிவும் இல்லை.

மூலைவீடு: அங்கே ரயில் இருக்கிறது. இங்கே முதலில் பஸ் விடுங்கள், பிறகு சட்டம் பேசுங்கள்.

நடந்துபோகிறவள்: பஸ் விடப் பணம் எங்கிருந்து வரும்? அமெரிக்காவின் பசடீனா நகரில், பழைய கடைவீதியில் 1993-இல் கார் நிறுத்தக் கட்டணம் வாங்கும் மீட்டர் வைத்தபோது கடைக்காரர்கள் முதலில் எதிர்த்தார்கள். வசூல் அதே வீதியின் நடைபாதைக்கும் விளக்குக்கும் செலவாகும் என்ற பிறகே இறங்கிவந்தார்கள். பணம் பொதுக் கஜானாவுக்குப் போனால் நானே எதிர்ப்பேன். (பூந்தொட்டி வைத்துத் தெருவில் இடம் பிடிக்கிறவர்களுக்கு அபராதம் போட்டால் அதிலேயே பாதி தேறும்.)

மூலைவீடு: தொட்டி வைத்தது நான்தான். அது துளசி.

இரவுப்பணி: அந்த வசூலில் இரவு பஸ் ஓடும் என்று எழுதிக் கொடுத்தால் நான் கையெழுத்துப் போடுகிறேன். அதுவரை மாட்டேன்.

மூலைவீடு: சரி, கணக்கு விவரத்தை மாதாமாதம் தெருவில் ஒட்டுவதாக இருந்தால் முதல் காருக்கு நான் கட்டுகிறேன். இரண்டாவது கார் மகனுடையது. அவனிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.