லிங்க்டு லிஸ்ட் ரொம்ப மெதுவாக ஓடுகிறது, அர்ரேலிஸ்ட்டுக்கு மாறலாமா?

பாம்பன்காரன்:
அண்ணன்மாரே, ஒரு உதவி. மாமா பாம்பனில் மீன் வியாபாரம் செய்கிறார், அவருக்காக ஜாவாவில் கணக்கு புரோகிராம் எழுதுகிறேன். படகு எண், மீன், கிலோ, விலை, நேரம், இவ்வளவுதான் ஒரு பதிவு. வல்லங்கள் முன்னபின்னே கரைக்கு வரும், சில சீட்டு தாமதமாகத்தான் கைக்கு வரும், அதை நேரப்படி நடுவில் செருக வேண்டும் என்பதால், ஒவ்வொரு பதிவும் அடுத்ததைக் காட்டும் சங்கிலியான லிங்க்டு லிஸ்ட் எடுத்தேன், செருகுவதற்கு அதுதான் வேகம் என்று கல்லூரியில் படித்தது. பழைய நோட்டுகளை ஏற்றியதும் பதிவு ஒரு லட்சத்தைத் தொட்டுவிட்டது, இப்போது மொத்தக் கணக்கு கேட்டால் டீ குடித்துவிட்டு வரலாம். ஜூன் 14-ல் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்குவதற்குள் சரிசெய்ய வேண்டும். ராம் கூட்டினால் தீருமா?

தொண்டி:
ராமில் காசைப் போடாதீர்கள் தம்பி. கூட்டும் லூப் எப்படி இருக்கிறது?

பாம்பன்காரன்:
சாதாரண ஃபார் லூப்தான் அண்ணே. ஐ பூஜ்யத்திலிருந்து சைஸ் வரை, உள்ளே ஐ-ஆவது பதிவை எடுக்கும் கெட்.

தொண்டி:
அந்த கெட்தான் வில்லன். ஐம்பதாயிரமாவது பதிவு எங்கே இருக்கிறது என்று லிங்க்டு லிஸ்ட்டுக்கு நேரடியாகத் தெரியாது, நோடு நோடாக, அதாவது சங்கிலியின் கண்ணி கண்ணியாகத் தாண்டித்தான் போக வேண்டும். எந்த முனை பக்கமோ அங்கிருந்து தொடங்கும் அளவுக்கு ஜாவாவுக்கு விவரம் உண்டு, அப்படியும் ஒரு லட்சம் பதிவுக்கு மொத்தம் சுமார் 250 கோடி தாண்டல். அர்ரேலிஸ்ட் உள்ளே வைத்திருப்பது அர்ரே, அதில் இடங்கள் அடுத்தடுத்து இருக்கும்; தொடக்க முகவரியை வைத்து ஒரு பெருக்கல், ஒரு கூட்டல், இடம் கிடைத்துவிடும்.

கீழக்கரை:
அதுக்கு லிஸ்ட்டையே மாற்றணுமா? எண் இல்லாமல் வரிசையாக எடுக்கும் ஃபார் ஈச் லூப் போடுங்கள், அதன் உள்ளே ஓடும் இட்டரேட்டர் நின்ற இடத்திலிருந்தே அடுத்ததுக்குப் போகும்.

பாம்பன்காரன்:
ஃபார் ஈச் போட்டேன், அழுத்தின உடனே வருகிறது! அப்போ லிங்க்டு லிஸ்ட்டையே வைத்துக்கொள்ளவா? செருகல் இருக்கிறதே.

தொண்டி:
வேண்டாம். செருகும் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள், தலையிலிருந்து ஒவ்வொன்றாக நேரம் பார்த்துத்தானே? இடம் கையில் இருந்தால்தான் லிங்க்டு லிஸ்ட் செருகல் வேகம், பரீட்சைக்குப் படிக்கும்போது இந்தப் பாதியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அர்ரேலிஸ்ட்டில் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் பைனரி சர்ச் போட்டால் ஒரு லட்சத்துக்கு அதிகபட்சம் 17 ஒப்பீடு. அப்புறம் பின்னால் இருப்பவை ஓரிடம் நகர வேண்டும்தான், ஆனால் தாமதச் சீட்டு பெரும்பாலும் அன்றையதாகத்தான் இருக்கும், வால் பக்கம் கொஞ்சம் நகரும். முழுசும் நகர்ந்தாலும் பரவாயில்லை, முகவரிகள் மெமரியில் அடுத்தடுத்து இருப்பதால் ஒரே மூச்சில் காப்பியாகும்.

கீழக்கரை:
நியாயம்தான். முதலில் வந்தது முதலில் போகும் க்யூவுக்கு நானே லிங்க்டு லிஸ்ட் போடுவதில்லை, அர்ரேயில் ஓடும் அர்ரேடெக்தான் போடுகிறேன்.

பாம்பன்காரன்:
ஒரே நேரத்தில் இரண்டு சீட்டு இருந்தால்?

தொண்டி:
ஜாவாவின் பைனரி சர்ச் இரண்டில் எதைக் காட்டும் என்று உறுதி கிடையாது, அதனால் ஒப்பீட்டில் நேரத்துக்கு அடுத்து படகு எண்ணையும் சேருங்கள். தேடியது இல்லையென்றால் எதிர்ம எண் வரும், அதோடு ஒன்றைக் கூட்டிக் குறியை மாற்றினால் செருக வேண்டிய இடம். மாற்றாமல் அந்த எதிர்ம எண்ணையே செருகும் ஆட் உள்ளே கொடுத்தால் எக்ஸெப்ஷன், அதாவது பிழை அடிக்கும்.