புதுப்பிப்பு: மகளிர் குழு, மருத்துவக் கல்லூரி கூட்டு அமைந்துவிட்டது

மன்னார்குடி பக்கம் எங்கள் மகளிர் குழுவோடு ஒரு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்து வேலை செய்ய வைப்பது எப்படி என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பலித்தது, “நேராகச் சமுதாய மருத்துவத் துறைக்குப் போங்கள்” என்ற யோசனைதான். எம்பிபிஎஸ் மாணவர்கள் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து கவனிப்பது பாடத்திட்டத்திலேயே இருப்பதால், அவர்களுக்கும் ஊர் தேவைப்பட்டது. ஊர்க்காரர்களுக்கு எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனையின் முடிவை அவரவர் கையில் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்தோம். இதை யாரும் விட்டுவிடாதீர்கள்.

எதிர்பாராதது நடவு. விடியலில் பழையது சாப்பிட்டுவிட்டு நாற்றுப் பறிக்கப் போகிறவர்களுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை பார்ப்பது எங்கே? அப்புறம் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு மாற்றினார்கள்; அதற்குப் பட்டினி வேண்டாம். சாயங்காலம் காலில் சேறு காயாமலே வந்து வரிசையில் நின்றார்கள். இந்தத் தகவலைக் கல்லூரி தன் ஆய்வுக்கு எடுக்க மட்டும், ஆய்வுகளைச் சரிபார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவை. அது இன்னும் வரவில்லை.